வெளியேறாதவர்

பிறப்பின் காரணமாகத் தன்னை இழிவுபடுத்திய வீட்டை விட்டு ஒருவர் வெளியேறிவிட வேண்டுமா, அல்லது அதே வீட்டுக்குள் நின்று அதைத் திருத்த வேண்டுமா என்னும் கேள்வி, சாதியோடு வாழ்ந்து பழகிய தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. அம்பேத்கர் 1956-இல் பௌத்தம் தழுவி வெளியேறினார்; இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறாமலேயே போராடி, பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நிறைவேறச் செய்தார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் உள்ளே நிற்கத் துணிந்தவர் நாள்தோறும் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார் என்பது அவ்வளவு எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. அதைப் புரிந்துகொள்ளத் தென்னிந்திய யூதர் ஒருவரின் வாழ்க்கை பெரிதும் உதவுகிறது.

சென்னையின் திருவல்லிக்கேணியில், பல்லவர் காலக் கல்வெட்டைக் கொண்ட பார்த்தசாரதி கோயிலும், 1795-இல் எழுப்பப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலும் நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தள்ளி, இன்று அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாற்றப்பட்டுள்ள லாயிட்ஸ் சாலையில், சென்னை யூதர்களின் சிறிய இடுகாடு ஒன்று உண்டு. வைர, பவள வணிகத்துக்காக வந்த போர்த்துகீசிய யூதர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையில் குடியேறியிருந்தார்கள்; 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அவர்களில் சிலர் அதன் உறுப்பினராகவும் அமர்த்தப்பட்டனர். இதற்கு நேர்மாறாக, யூதராகப் பிறந்ததையே குற்றமாக்கி, நாட்டில் நேரும் கேடுகளுக்கெல்லாம் அவர்களையே காரணமாகக் காட்டும் மனப்போக்கை யூத வெறுப்பு என்பர். போர்த்துகீசியர் கோவாவில் நடத்திய மத விசாரணை மன்றத்தை விலக்கிவிட்டால், அந்த வெறுப்பு இந்திய மண்ணில் வேரூன்றவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைப் பெருமையோடு சொல்பவர்கள், யூதர்களுக்குத் துன்பம் தராத இதே மண் அவர்களுக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்டது பரதேசி தொழுகைக்கூடம். ஸ்பெயின், போர்த்துகல், மேற்காசிய நாடுகளிலிருந்து வந்த யூதர்களைப் 'பரதேசி' யூதர் என்று அழைத்ததால் அதற்கு அப்பெயர். அவர்களைச் சார்ந்து 'மெஷுக்ராரிம்' எனப்பட்ட ஒரு பிரிவினர் வாழ்ந்தார்கள். அந்த எபிரேயச் சொல்லுக்கு அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் என்று பொருள்; ஆனால் விடுதலைக்குப் பின் எத்தனை தலைமுறை கடந்தும் பெயர் மாறவில்லை. நீல வண்ணத்தில் கையால் தீட்டப்பட்ட சீன ஓடுகள் பதித்த தரையும், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளும் கொண்ட அந்த அழகிய கூடத்தில் அவர்களுக்கு இருக்கை கிடையாது. தரையிலோ முன்னறையிலோ அமர வேண்டும். மறைநூலை வாசிக்க அழைக்கப்படும் பேறு இல்லை. பரதேசிக் குடும்பங்களில் மண உறவு இல்லை. இறந்த பின்னும் பரதேசிகளின் கல்லறைகளுக்கு அருகே இடமில்லை. கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவர்களின் வரலாற்றை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை.

அப்பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலெம். எர்ணாகுளத்தில் படிப்பைத் தொடங்கி, சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியை ஒட்டிக் கடற்கரையைப் பார்த்து நிற்கும் செனட் மண்டபத்தைத் தன் அடையாளமாகக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று, கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞரானார். அந்தப் பட்டம் நீதிமன்றத்தில் அவரை யாருக்கும் குறையாதவராக நிறுத்தியது. ஆனால் ஊர் திரும்பியபோது தொழுகைக்கூடத்தின் பலகை இருக்கை அவருக்கு அப்போதும் மறுக்கப்பட்டே இருந்தது. கொச்சி சமஸ்தானச் சட்டசபையில் உறுப்பினராக இருந்து, தொழிலாளர் இயக்கத்துக்குத் துணைநின்று, 1929-இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் சென்றுவந்த ஒருவர், தம்முடைய மக்கள் கூடித் தொழும் இடத்தில் கீழானவராகவே கருதப்பட்டார்.

அவர் விலகிப் போயிருக்கலாம். அதை யாரும் குறைகூறியிருக்கவும் முடியாது. சில காலம் தொழுகைக்கூடத்தைப் புறக்கணித்தார் என்றாலும், அது நிரந்தரமாக வெளியேறுவதற்காக அன்று, உள்ளே வருவதற்கான வழியாகவே. கொச்சிக்கு அருகிலுள்ள வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் நடந்த போராட்டத்தில் பெரியார் சிறை சென்றார். இவ்வாறு அக்காலத்துத் தென்னாட்டின் காற்றில் கலந்திருந்த சத்தியாக்கிரக முறையை, அதாவது எதிரியைத் துன்புறுத்தாமல் தன் துன்பத்தின் வழியே அவர் மனத்தைத் தொட முயலும் முறையை, சாலெம் ஒரு யூதத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். அவரைப் பின்னாளில் 'யூத காந்தி' என்று அழைத்தார்கள். எதிரே நின்றவர்கள் அந்நிய ஆட்சியாளர்கள் அல்லர், அடுத்த வீட்டுக்காரர்கள். காலையில் தெருவில் முகம் பார்த்து வணங்க வேண்டியவர்கள். அத்தகையோரை எதிர்த்துப் போராடுவது அரசை எதிர்ப்பதைவிடக் கடினமானது என்றே கருத வேண்டும்.

சாலெமைப் போலவே, இத்தாலியின் தூரின் நகரத்து யூத எழுத்தாளர் பிரீமோ லேவியின் வாழ்க்கையிலும் ஒரு பட்டச் சான்றிதழ் உண்டு. 1938-இல் இத்தாலிய அரசு இனச் சட்டங்களை இயற்றிய பின், 1941-இல் அவர் பெற்ற வேதியியல் சான்றிதழில் 'யூத இனத்தவர்' என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்சு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிர் பிழைத்து, 1945 அக்டோபரில் அவர் திரும்பியது தம்மை விலக்கிவைத்த அதே நாட்டுக்கு, தாம் பிறந்த அதே வீட்டுக்கு. 1987-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். முகாம் பற்றிய அவருடைய முதல் நூலைப் பெரிய பதிப்பகம் திருப்பியனுப்பியது. 1947-இல் ஒரு சிறிய பதிப்பகமே அதை வெளியிட்டது. பின்னாளில் பள்ளிதோறும் சென்று மாணவர்களின் கேள்விகளுக்கு விடை கூறியதை வேதியியலுக்கும் எழுத்துக்கும் அடுத்ததாக, அவர் தம் மூன்றாவது தொழிலைப் போலவே செய்துவந்தார். பழிவாங்குபவரின் குரலைத் தவிர்த்து, சாட்சி சொல்பவரின் நிதானமான குரலிலேயே பேச வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முகாமின் கொடுமையையும் முன்னறையின் அவமதிப்பையும் ஒரே தராசில் வைப்பது பெரும் பிழை. முன்னது இலட்சக்கணக்கானோரின் உயிரோடும் வாழ்வோடும் தொடர்புடையது. எனினும், தன்னைத் தள்ளிவைத்தவர்களின் பிள்ளைகளோடு உரையாடத் தங்கியிருந்தவர் என்ற வகையில் லேவியின் பொறுமையும் சாலெமின் பொறுமையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

1930-களின் பிற்பகுதியில் கொச்சிக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம், பழைய தடைகள் பல தளர்ந்திருப்பதைக் கண்டார். 1950-இல் சாலெமின் மகனுக்கும் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. அதே பத்தாண்டில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் செல்வதற்கு முன்னின்று உதவிய சாலெம், தாமோ மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967-இல் காலமானார். யூதர்களின் கூட்டுத்தொழுகை முழுமை பெற வயது வந்த ஆண்கள் பத்துப்பேர் கூட வேண்டும் என்பது மரபு. யார் எங்கே அமரலாம் என்று நூற்றாண்டுக்கணக்கில் வழக்கு நடந்த அந்தக் கூடத்தில், உள்ளூரிலிருந்து அந்தப் பத்துப்பேரைக் கூட்டுவது பின்னாளில் இயலாமற்போயிற்று. வெளியூரிலிருந்து வரும் பயணிகளைச் சேர்த்தே அந்த எண்ணிக்கை நிறைந்தது.