முதல் பெஞ்சுக்குச் சிபாரிசு

(பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



பந்திக்கு முந்து என்று சொல்லிப் பழகிய நமக்கு, லூக்கா 14ஆம் அதிகாரம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். விருந்துக்குப் போன வீட்டில், யார் யார் முதலிடத்துக்கு முந்துகிறார்கள் என்பதைத்தான் இயேசு கவனிக்கிறார்.

பள்ளிக்கூடத்திலும் இந்தப் பந்தி உண்டு. ஜூன் மாதம் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். "மிஸ், எங்க பையனை முதல் பெஞ்சுல உட்கார வைங்க." மாப்பிள்ளை பெஞ்சைக் கேட்டு வரும் பெற்றோரை நான் பார்த்ததில்லை.

2025 ஜூலையில் நம் பள்ளிக் கல்வித்துறை, இருக்கைகளை 'ப' வடிவில் போடச் சொன்னது. 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துக் கேரளப் பள்ளிகள் சில தொடங்கிய மாற்றம் அது. கடைசி பெஞ்சே இருக்காது என்றார்கள். பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்பு வந்ததும், சில நாட்களில் நிறுத்தி வைத்தார்கள். எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. நாற்பது பேர் நெருங்கி இருக்கும் அறையில் ஒரு 'ப'வுக்குப் பின்னால் இன்னொரு 'ப' போட வேண்டிவரும். மறுபடியும் அங்கே ஒரு கடைசி வரிசை! கலந்து பேசிப் படிக்க வட்டம் நல்லது. தனியாகக் கணக்குப் போட வரிசையே போதும்.

2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கடைசி மாற்றம்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால் அந்த விருந்தில் இயேசு சொன்ன உவமையில், கடைசியில் இருப்பவர் தானாக எழுந்து முன்னே வருவதில்லை. விருந்துக்கு அழைத்தவர் அவரிடம் வந்து, மேலே வரச் சொல்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளை, தமிழ் சரியாக வராமல் பின்னால் ஒதுங்கி இருக்கும். பெற்றோர் ஷிப்டில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைக்காகச் சிபாரிசுக்கு யார் வருவார்? கைம்மாறு செய்ய முடியாதவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்று ஆண்டவர் அடுத்துச் சொல்வது இவர்களைப் பற்றித்தான்.

ஆசிரியர் தினம் நெருங்குகிறது. அதையொட்டி, அடுத்த ஞாயிறு முதல் நம் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் வாரந்தோறும் இடம் மாறி உட்காருவார்கள். கண்ணோ காதோ குறை என்றால் மட்டும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிலையான இடம் உண்டு. வேறு சிபாரிசுக்குத் தயவுசெய்து என்னிடம் வராதீர்கள்.