துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு ஏன் நடுக்கம்?

விரலால் தொட்டுக் காட்டினேன். வாயைத் திறந்து பெயரைச் சொல்லவில்லை.

அந்தமானின் ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீப்பில், கடலைப் பார்த்த ஒரு விடுதி. பெயர் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. தோல் அட்டை போட்ட ஒயின் பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டுப் பரிமாறுபவர் பக்கத்திலேயே நின்றார். பிரெஞ்சுப் பெயர்கள், இத்தாலியப் பெயர்கள். தப்பாக உச்சரித்தால் சிரிப்பாரோ? இருப்பதிலேயே மலிவானதைச் சொன்னால் மட்டமாக நினைப்பாரோ? கீழேயிருந்து இரண்டாவது விலையில் போய் நின்றது என் விரல். அவர் புருவம் லேசாக ஏறி இறங்கியது. வந்தது கனத்த சிவப்பு ஒயின். தட்டில் இருந்ததோ மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு வறுத்த மீன். முதல் மிடறில் வாய் முழுக்க நெருப்பு. இரண்டாவதில் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு வாடை. “எப்படி இருக்கு சார்?” “ரொம்ப நல்லாருக்கு.”

பொய்!

காசு போனது போகட்டும், அந்தப் பொய்தான் இன்றும் எரிகிறது. ஜங்க்ளிகாட் மீன் சந்தையில் சூரையின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இன்று பிடித்ததா நேற்றையதா என்று சொல்லிவிடுகிற ஆள் நான். குழம்பில் புளி ஒரு கொட்டை கூடினால் அடுக்களை வாசலிலேயே மோப்பம் பிடிப்பேன். அப்பேர்ப்பட்டவனை ஒரு அட்டை ஊமையாக்கிவிட்டது.

உங்களுக்கும் நடந்திருக்கும். ஒயின் குடியுங்கள் என்று சொல்ல வரவில்லை. குடிக்காதவர் இளநீரை வைத்துக்கொண்டு அதே மேசையில் நிமிர்ந்து உட்காரட்டும். அவரைக் கூசவைக்கிற விருந்துக்குப் போகாமலிருப்பதே மேல். நான் கேட்பது வேறு. தேர்ந்தெடுக்க வேண்டிய நொடியில் நம் கை ஏன் நடுங்குகிறது? யாரைப் பார்த்து?

நிபுணர்களைப் பார்த்தா? பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் கலையையே பாடமாகப் படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வருணனைகளையெல்லாம் அந்த மாணவர்கள் அதற்கு எழுதினார்கள்! கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மாநிலக் கண்காட்சியின் ஒயின் நடுவர்களுக்கு, ஒரே பாட்டிலிலிருந்து ஒரே ஒயினை, அவர்களுக்குத் தெரியாமல் மூன்று தடவை கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008-ல் வெளியானது அந்தக் கணக்கு. நிபுணரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவர் நாக்கும் சதைதான், உங்கள் நாக்கும் சதைதான்.

இன்னொன்று. பரிமாறுபவர் முதலில் ஒரு மிடறு மட்டும் ஊற்றிவிட்டு நம் முகத்தையே பார்ப்பாரே, அது நமக்கு வைக்கிற பரீட்சை என்று பல வருடம் வியர்த்திருக்கிறேன். பரீட்சை பாட்டிலுக்கு! தக்கை கெட்டு நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கிறதா, வெயிலில் வெந்து பழம் கூழான வாசனை வருகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்த மிடறு. நம்மூருக்குச் சரக்கு சென்னையிலிருந்து 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள் கப்பலில் வருகிறது. வெந்து வர வாய்ப்பு உண்டு. வாடை அடித்தால், “இது சரியில்லை, வேற கொண்டு வாங்க” என்று சொல்லுங்கள். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குற்றவாளி மாதிரி விழிக்காதீர்கள்!

சுவைக்கு வருவோம். சிவப்பு ஒயினின் உயிர் திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து இறங்குகிற டானின். வாயில் அது செய்வது என்ன? நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. இதற்குத் தமிழில் ஒரு சொல் எப்போதோ வைத்தாகிவிட்டது: துவர்ப்பு. நாவல்பழம் தின்ற குழந்தைக்கும், வாழைப்பூவை மோரில் போட்டுக் கறை எடுக்கிற பாட்டிக்கும் அது தெரியும். மற்றவர்கள் இது சுவையா, வெறும் தொடுஉணர்வா என்று விவாதித்துக்கொண்டிருக்கட்டும். நாம் அதற்கு அறுசுவையில் ஓர் இடமே கொடுத்துவிட்டோம்.

பொருத்தம் பார்ப்பது புது வித்தையா? “தொட்டுக்க என்ன?” என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை கேட்கிற இனம் நாம். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம், அடைக்கு அவியல். எந்தப் பள்ளியில் படித்தோம்?

‘இதெல்லாம் நம்ம பண்பாடு இல்லையே’ என்று முணுமுணுப்பவருக்கும் பதில் இருக்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும்போது, அவன் அருந்துவது யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறல். அது கற்பனையில்லை என்பதற்கு அரிக்கமேட்டில் சாட்சி கிடைத்தது. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் சாடிகள் உடைந்து கிடந்தன. இந்தத் தீவுகளும் நமக்குப் புதிதல்ல. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்வது நிக்கோபாரைத்தான். இங்கத்திய கிறிஸ்துமஸில்கூட நம் கை இருக்கிறது. கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் தமிழர். அவரிடம் படித்த ஜான் ரிச்சர்ட்சன்தான் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுபோனார்.

போன வருடக் கிறிஸ்துமஸுக்கு டெலனிப்பூரில் எங்கள் வீட்டிலேயே விருந்து. பாட்டில்களை அரசின் அனிட்கோ கடையில் நானே நின்று வாங்கினேன். பாட்டிலைத் திருப்பி ஆல்கஹால் அளவைப் பார்த்தேன். காரமும் ஆல்கஹாலும் நாக்கில் ஒரே நரம்பைத்தான் சீண்டும். 14 சதவீதம் என்றால் மிளகாயோடு சேர்ந்து எரியும். 12-ஐ ஒட்டி, கொஞ்சம் இனிப்பும் இருந்தால் காரம் அடங்கும். ஆகவே தேங்காய்ப்பால் ஊற்றிய நண்டுக்கு நாசிக் வெள்ளை ஒயினான செனின் பிளாங்க். ஓரக்கிள் நிறுவன வேலையை உதறிவிட்டு வந்த ராஜீவ் சமந்த், தாயின் பெயரிலிருந்து எடுத்த ‘சுலா’ என்ற பெயரில் 2000-ல் முதலில் கொண்டுவந்த இரண்டு ஒயின்களில் அதுவும் ஒன்று. வறுத்த வஞ்சிரத்துக்கு எலுமிச்சை பிழிவோமே, அந்தப் புளிப்பு வேலையைச் சாவிஞோன் பிளாங்க் பார்த்துக்கொள்ளும். அன்று விடுதியில் என் வாயில் வந்த துரு வாடைக்கும் காரணம் இப்போது தெரியும். சிவப்பு ஒயினில் கரைந்திருக்கிற இரும்புதான் கடலுணவோடு சேர்ந்து வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானின் மெர்சியன் நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்தார்கள். சிவப்பு ஷிராஸ், நெய் சொட்டுகிற பன்றிக்கறிக்கு. பிளம் கேக்குக்கு அதைவிட இனிப்பான போர்ட் ஒயின், இல்லாவிட்டால் கேக் ஒயினைப் புளிக்கவைத்துவிடும். புளி கரைத்து வைத்த மீன் குழம்புக்கு? எந்த ஒயினும் தோற்கும். அதற்குத் தண்ணீர்ச் சொம்புதான் துணை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சிவப்பை ‘அறைச் சூட்டில்’ கொடு என்பார்கள். யார் வீட்டு அறை? 16, 18 டிகிரியில் குளிர்ந்து கிடக்கிற ஐரோப்பியக் கல்வீடு. நம் டிசம்பர் ராத்திரி அதற்கெல்லாம் இறங்காது. காலையில் சந்தையிலிருந்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, பனிக்கட்டி போட்டு, வெள்ளையோடு சேர்த்துச் சிவப்பையும் இருபது நிமிஷம் புதைத்தேன். மச்சான் சிரித்தார். “அண்ணே, ரெட் ஒயின ஐஸ்ல வைக்கலாமா?”

“குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க மாப்ள.”

என் மனைவியின் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஒயினை அதற்கு முன் தொட்டதில்லை. ஷிராஸில் விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கி விரிந்தது.

“நாவப்பழமாட்டம் துவக்குதேப்பா. இத மீனுகிட்ட வைக்காத. கறிக்கு வை.”

மச்சான் பாட்டிலை எடுத்து பன்றிக்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.