பொத்தானும் விளக்கும்

அறிவியல் அருங்காட்சியகம் செல்வதைச் சுற்றுலா என்றே எண்ணிப் பழகிவிட்டோம். வேளாங்கண்ணிக்கு ஒரு நாள், கோளரங்கத்துக்கு ஒரு நாள் என்று மறைக்கல்வி மாணவருக்குத் திட்டமிடுகிறோம். ஆயினும் சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இல் திறக்கப்பெற்ற பிர்லா கோளரங்கத்தையும், அதனோடு இணைந்த அறிவியல் தொழில்நுட்ப மையத்தையும் சுற்றிவரும் கிறித்தவ மனத்தில் ஓர் அறக்கேள்வி எழாமற் போகாது.

விசுவாசத்துக்கும் அறிவியலுக்கும் பகை என்னும் பழைய வழக்கை நான் சொல்லவில்லை. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு குருவானவர். கலிலேயோவைத் தீர்ப்பிட்ட அன்றைய இறையியலாரின் தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்றுக்கொண்டார். அந்தப் பேச்சு அத்துடன் முடியலாம்.

ஆற்றலை விளக்கும் கூடங்களில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. பிள்ளைகள் கைதட்டுகின்றனர். காடாம்புலியூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கோ அவ்விளக்கின் மறுமுனை தெரியும். நெய்வேலி அதன் அண்டை ஊர். அங்கே 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. 1962-இல் மின்சாரம் பிறந்தது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக் கொட்டினாலன்றிச் சுரங்கம் நிலைக்காது. சுற்றுப்புற உழவரோ கிணற்று நீர் தாழ்ந்துபோவதை நெடுங்காலமாக முறையிடுகின்றனர். மேல்மண்ணை அகற்றுமுன் அம்மண்ணில் குடியிருப்போரை அகற்றவேண்டும். வீட்டுக்கு மாற்று மனை கொடுக்கலாம். பலாமரத்துக்கும் கல்லறைக்கும் எதைக் கொடுப்பது? 2023 சூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சட்டத்துக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம்.

மின்சாரம் வேண்டாம் என்பார் எவருமிலர். குறைமாதக் குழந்தையைக் காக்கும் பெட்டிக்கும் அதுவே உயிர். ஆனால், தொடக்கநூலில் ஆதாமிடம் ஒப்படைக்கப்பட்ட இரு பணிகள் பண்படுத்தலும் பாதுகாத்தலும். அவற்றைக் குறிக்கும் எபிரேயச் சொற்கள், எண்ணிக்கை நூலில் லேவியரின் திருக்கூடார ஊழியத்தையும் குறிக்கின்றன. அப்படியாயின் நிலத்தைத் தோண்டுவதும் வழிபாட்டைச் சேர்ந்த செயலே. காணிக்கை எவருடையது என்று பீடத்தருகே கேட்கவேண்டிய கேள்வியைச் சுரங்கத்தருகே கேட்கலாகாதா?

அருங்காட்சியகம் பொய் சொல்வதில்லை. பொத்தானுக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கம்பியைக் காட்டுகிறது. ஊரைக் காட்டுவதில்லை, அவ்வளவே. விலையின்றி ஒளி கிடைக்கும் என்று அதனால் பிள்ளை கற்றுக்கொள்கிறது. மனச்சான்றின் பயிற்சியில் இதைச் சிறு குறை என்று நான் கருதவில்லை. அவ்விளக்கின் அருகே ஒரு பலகை வைக்கலாம்: பெயர்ந்த ஊரின் பெயர், குடும்பங்களின் தொகை, கிணற்று நீரின் அன்றைய ஆழம், இன்றைய ஆழம். இவையும் அளக்கத்தக்கவையே; அறிவியலுக்கு அந்நியமானவை அல்ல.