பெற்றோருக்கும் அங்கே வேலை இருக்கிறது

பெற்ற பிள்ளைக்கு எதுவுமே செய்ய முடியாத இடத்தில் தாய் என்பவள் யார்? என் மகன் 27-ஆவது வாரத்தில், 900 கிராம் எடையில் பிறந்தபோது இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அவன் மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொண்டது. தொப்புள் வழியே போட்ட மெல்லிய குழாயில் சத்துநீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சூட்டை இன்குபேட்டர் கொடுத்தது. காலில் கட்டிய பட்டையில் அவனுக்கென்று பெயர்கூட இல்லை. 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர். அந்த அறையில் நான் தாய் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

வீட்டுப் பெரியவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். "இப்போதைக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம். பேரெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். நீ உன் உடம்பைப் பாரு, ரொம்ப மனசை வச்சுடாதே." அக்கறையில் சொன்னதுதான். பிறந்த பிள்ளை தங்குமா தங்காதா என்று தெரியாத காலத்தைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். (அது உண்மையில்லை, வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான்.) பாசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், போய்விட்டாலும் வலி குறையும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு அன்றும் ஒத்துவரவில்லை, இன்றும் ஒத்துவரவில்லை.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கும் மேல். நாட்டின் அதிபர் வீட்டுப் பிள்ளை, 39 மணி நேரம்தான் இருந்தான். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அவனிடம் போதிய அளவு ஊறவில்லை. அதன் குறைவுதான் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி 1959-லேயே காட்டியிருந்தார். ஆனால் கொடுக்க மருந்து இல்லை. 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளைக்கு இந்த மூச்சுத்திணறல் குறைகிறது என்று கண்டார்கள். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா சர்ஃபாக்டன்டையே நேராகக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திக் காட்டினார். எனக்குப் போட்ட ஊசியும், என் மகனின் மூச்சுக்குழாயில் விட்ட வெள்ளை மருந்தும் இவர்கள் தந்தவை. முகம் தெரியாத எத்தனையோ பேர் அவனுக்காக உழைத்திருக்கும்போது, நான் மட்டும் மனசைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார முடியுமா?

ஒரு நாள் மதியம் சிஸ்டர் ஒருவர் என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி, இன்குபேட்டரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். "தடவக் கூடாதும்மா, அவன் தாங்க மாட்டான். தலையில ஒரு கை, பாதத்துல ஒரு கை. அசைக்காம அப்படியே வச்சுக்கிட்டு இருங்க." நனைந்த காகிதம் போன்ற தோல், உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிந்தது. கையை வைத்தேன். கால்கள் இரண்டு முறை என் உள்ளங்கையை உதைத்துப் பார்த்தன, பிறகு மடங்கிக்கொண்டன. கர்ப்பப்பையின் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது உங்கள் கை இருக்கிறது என்று அவர் விளக்கினார். மானிட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, 88 என்று காட்டிக்கொண்டிருந்தது. 91 ஆனது. 94-இல் நின்றது. தாய்க்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

அடுத்த வேலை பால். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் சேர்த்துச் செய்யும் திறமை 34-ஆவது வாரத்தை ஒட்டித்தான் கூடிவரும். அதுவரை பாலைப் பீய்ச்சி எடுத்து, வாய்வழியே வயிற்றுக்குப் போகும் குழாயில் விட வேண்டும். சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டுக் குழாயில் செருகி உயர்த்திப் பிடித்தால், அழுத்தாமலே தானாக இறங்கும். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒரு மில்லி. அந்த ஒரு மில்லிக்காகத் தையல் வலியோடு நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகவைக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. தாய்க்குப் பால் ஊறாவிட்டாலும் வழி இருக்கிறது. 1989-இல் மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கிதான் ஆசியாவிலேயே முதலாவது. இன்று நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அது இருக்கிறது.

பிறகு கங்காரு முறை. 1970-களின் கடைசியில், கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது, ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவைக்கச் சொன்னார். வசதியில்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்று பலரும் நினைத்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே இப்படி அணைத்து வைத்ததில் இறப்பு கால் பங்கு குறைந்தது. எங்களுக்கு அந்த முறை வெகுநாள் கழித்தே வாய்த்தது. மருந்துக் கடைக்கும் பில் கவுன்டருக்கும் ஓடிக்கொண்டிருந்த என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பிள்ளை அவர் மார்பு முடியைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண் குழந்தை. எங்களுக்கும் முன்னால், 24 வாரத்தில் பிறந்தவள். அவள் அம்மா விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். பிறந்த அன்றே பெயர் வைத்து, அதைப் பிளாஸ்டரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டச் சொல்லியிருந்தாள். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி, வீட்டில் மாடு கன்று போட்டதுவரை மகளிடம் பேசுவாள். குழந்தை தங்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு சொல்லிக் கூப்பிட்டேன்க்கா, பேரு சொல்லித்தான் அனுப்புனேன்" என்றாள். மனசைத் தள்ளி வைத்திருந்தால் அவளுக்கு வலி குறைந்திருக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். அந்தக் குழந்தைக்கு ஒரு தாய் முழுசாகக் கிடைத்தாள். அன்று மாலையே நாங்களும் பெயர் வைத்தோம்.

என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்து ஒரு மாதத்துக்குள், மிக முன்னதாகப் பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே, சோதித்தாக வேண்டும். தயவுசெய்து யாரும் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கை வைக்கவும் பால் எடுக்கவும் மார்பில் சாய்த்துக்கொள்ளவும் பெற்றோர் உள்ளே இருக்க வேண்டும். பல மருத்துவமனைகள் இன்னும் அவர்களைப் பார்வையாளர் நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துப் போகச் சொல்கின்றன. அந்த வழக்கத்தை விட வேண்டும். நம் சட்டம் தரும் 26 வாரப் பேறுகால விடுப்பில் கணிசமான பகுதி, இப்படிப்பட்ட பிள்ளை வீடு வருவதற்குள் கரைந்துவிடுகிறது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், பச்சிளம் குழந்தை சிகிச்சையில் இருந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கு 12 வாரம் வரை தனி விடுப்பு உண்டு. இங்கேயும் அது சட்டமாக வேண்டும்.