பட்டினியும் நோன்பும்

பட்டினி கிடப்பவரும் நோன்பு நோற்பவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. இருவரும் உண்பதில்லை, பருகுவதில்லை. இருவரையும் பிரித்துக் காட்டுவது நிய்யத் ஒன்றுதான். அதுவோ உள்ளத்துக்குள் இருப்பது. அப்படியானால், வீட்டில் ஒரு பிள்ளை உண்ணாதிருப்பது இபாதத்தா, மன நோவா என்பதை உற்றார் எப்படி அறிவது?

இது வீண் கேள்வியன்று. "கல்யாண வயதில் இப்படிப் பெருத்துவிட்டாயே!" என்று சொந்தங்கள் சொல்லக் கேட்ட பெண்பிள்ளை, ரமலான் கழிந்த பின்னும் நஃபில் நோன்புகளை அடுக்கிக்கொண்டே போகிறாள். ஸஹருக்கு ஒரு மிடறு தண்ணீர். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம். அதற்கு மேல் எதையும் தொடுவதில்லை. "என் மகள் பேணுதலானவள்" என்று உம்மா பூரிக்கிறாள். மகளோ ஊர் வாய்க்கு அஞ்சியே உடலை வாட்டுகிறாள். இதில் பெரும்பழி அவள் மீதன்று. அவளைச் சுட்ட நாவின் மீதுதான்.

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) இருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) சகோதரர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் உணவை முன்வைத்து, "நான் நோன்பாளி, நீங்கள் உண்ணுங்கள்" என்றார். "நீர் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன்" என்றார்கள் ஸல்மான் (ரலி). அவரும் உண்டார். இறைவனுக்கும், உமது ஆன்மாவுக்கும், குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று பின்னரே எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று அண்ணலார் ஏற்றுக்கொண்டார்கள்.

அபூதர்தா (ரலி) அவர்களின் நோக்கம் தூயது. அத்தகைய நஃபில் வணக்கத்துக்கே ஓர் உறவின் கண்காணிப்பு தேவைப்பட்டதென்றால், மனக்காயத்தால் வந்த பட்டினிக்கு எவ்வளவு தேவை! ஸல்மான் (ரலி) கண்டிக்கவில்லை, வாயில் திணிக்கவுமில்லை. முதலில் உடன் அமர்ந்தார்கள், பிறகுதான் உபதேசம்.

பெற்றோர்களே! பிள்ளையின் உடலைப் பற்றிய பேச்சை இல்லத்தில் நிறுத்துங்கள். ஒரே விரிப்பில் சேர்ந்து உண்ணுங்கள். உணவைக் கண்டாலே அஞ்சும் நிலை வந்துவிட்டால் அது பிணி. மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். நோயாளிக்குக் கடமையான நோன்பிலேயே திருமறை (2:185) சலுகை தந்திருக்க, நஃபிலைக் காட்டி உடலை வதைப்பது முறையாகுமா?

நம் நாவுகளை வல்ல அல்லாஹ் பேணுதலாக்கி வைப்பானாக! ஆமீன்.