நிறம் என்றொரு கட்டம்

கோடை விடுமுறைக்கு அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு அரியாங்குப்பம் வந்திருந்தாள். கூடத்தில் ஒரே பாயில் இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பாரீசில் இருக்கும் மாமா, தன் பிள்ளைகள் விளையாடி முடித்த லெகோ கட்டைகளை ஒரு பை நிறைய அனுப்பியிருந்தார். அக்கா மகன் அவற்றைக் கொட்டி, நிறவாரியாகப் பிரித்துக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அக்கா, தன் மகளுக்காகத் திருமணத் தகவல் மையம் ஒன்றில் வாங்கிவந்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இதுல ஸ்கின் கலர் எது?" என்றான் அவன், ஒரு குட்டிப் பொம்மையின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு.

"நிறம்னு ஒரு கட்டம் இருக்குடி. மாநிறம்னு போட்டுடவா?" என்றாள் அக்கா.

இரண்டு கேள்வியும் அடுத்தடுத்து வந்தன. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால் சொல்லைப் பற்றிய சந்தேகம் எதுவானாலும் வீட்டில் என்னிடம்தான் வரும். அன்று இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்கான தாமதமான பதில்.

முதலில் கட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். விளையாட்டுச் சாமான்தானே என்று தள்ளிவிட முடியாத ஓர் உலகம் அது. இன்று நாம் காணும் லெகோ கட்டைக்கு டென்மார்க்கில் 1958இல் காப்புரிமை பதிவானது. அதற்குப் பின் வந்த கட்டைகளையெல்லாம் வடிவம், நிறம் என்று வகைபிரித்து விலையோடு பட்டியலிடும் சேகரிப்பாளர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நிறுவனம் ஒரு நிறத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கும். சேகரிப்பாளர்கள் வேறொன்று வைத்திருப்பார்கள். நிறுவனம் 'பிரைட் ரெட்' என்பதை இவர்கள் 'ரெட்' என்றே எழுதுகிறார்கள்.

இந்தப் பெயர்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2004 வாக்கில் நிறுவனம் தன் சாம்பல் நிறத்தைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றியது. பழைய சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் சாயல் இருந்தது. பழைய கட்டையும் புதிய கட்டையும் கலந்து ஒரு கோட்டைச் சுவர் கட்டினால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளைக் கட்டையோ வெயில் பட்டால் பழுப்பேறிவிடும். அதை வெள்ளை என்று விற்பது ஏமாற்று. ஆக, வகைப்படுத்துவது சில நேரம் நேர்மையின் வேலை. தேடுகிறவருக்குத் தேடியது கிடைக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. வகைப்பாடு என்றாலே வன்முறை என்று வகுப்பில் அவசரமாகச் சொல்லிவிடுகிற என்னைப் போன்றவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கல் தோலில் தொடங்குகிறது. 1978இல் வந்த குட்டிப் பொம்மைகளுக்கு மஞ்சள் முகம். எந்த இனத்தையும் குறிக்காத நிறம் என்பது நிறுவனத்தின் விளக்கம். 2003இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களைப் பொம்மைகளாகச் செய்தபோது, உண்மையான மனிதர்களுக்கு உண்மையான தோல் நிறங்கள் தேவைப்பட்டன. அப்போதுதான் தெரிந்தது, யாரையும் குறிக்காத மஞ்சளில் கறுப்பு மனிதர்கள் மட்டும் இல்லாமல் இருந்தார்கள் என்பது. நிறுவனம் தோல் நிறங்களுக்கு 'நூகட்' என்ற இனிப்புப் பண்டத்தின் பெயரை வைத்தது. சேகரிப்பாளர் பட்டியலில் அதே நிறம் நெடுங்காலம் 'ஃபிளெஷ்', அதாவது சதை, என்றே இருந்தது. வெளிறியது 'லைட் ஃபிளெஷ்', கறுத்தது 'மீடியம் டார்க் ஃபிளெஷ்'. பிறகு அவர்களும் நூகட்டுக்கு மாறினார்கள்.

கிரேயான் பெட்டியிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கிரேயோலா 1962இல் தன் 'ஃபிளெஷ்' குச்சியின் பெயரைப் 'பீச்' என்று மாற்றியது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் வெளிர் ரோஜாக் குச்சியைப் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்று கேட்டு வாங்குகிறார்கள். வீராம்பட்டினத்துக் கடற்கரையில் வெயிலில் நிற்கிற எந்தக் குழந்தையின் தோலும் அந்த நிறத்தில் இல்லை. ஆனாலும் அம்மாவை வரையும்போது அந்தக் குச்சியைத்தான் தேடுகிறார்கள். தன் கையையும் பார்க்கிறார்கள், குச்சியையும் பார்க்கிறார்கள், கடைசியில் குச்சியை நம்புகிறார்கள்.

கண்ணை விடப் பட்டியலை நம்பும் பழக்கம் எனக்கும் உண்டு. அதை உடைத்தது எங்கள் ஊர்தான். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பில் இருக்கிறது அரிக்கமேடு. பட்டியல்கள் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். 1989 முதல் 1992 வரை மீண்டும் தோண்டிய குழுவை வழிநடத்தியவர் விமலா பெக்லி என்ற பெண். ரோமானியக் கலங்களோடு அங்கே கிடைத்தவை கண்ணாடி மணிகள். கடுகை விடச் சற்றே பெரியவை. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கிய மணிகள். தென்கிழக்காசியா வரை கிடைக்கும் இந்த வகையை 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று அழைத்தவர் பீட்டர் ஃபிரான்சிஸ். நான் சிறுமியாக இருந்தபோது மழை விட்ட மறுநாள் அந்த மேட்டில் மணி பொறுக்குவோம். அது தப்பு என்று அப்போது தெரியாது. தீப்பெட்டியில் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று பிரித்து வைப்போம். அதுதான் என் முதல் பட்டியல்.

மணிகளை வகைப்படுத்த அறிஞர்களுக்கும் வடிவம், துளை, நிறம் எல்லாம் வேண்டும். நிறத்துக்குச் சொல் போதவில்லை என்று, அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்செல் வகுத்த அட்டையை அகழாய்வாளர்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்த்தி என்று மூன்று கேள்விக்கும் எழுத்தும் எண்ணும் விடையாகும். அழகு, அழகின்மை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்த மணிகளின் செங்கல் சிவப்புக்கு ஆய்வாளர் வழக்கில் 'இந்தியன் ரெட்' என்று ஒரு பெயரும் உண்டு. அதே பெயரில் கிரேயோலா ஒரு குச்சி விற்றது. இந்தியாவில் கிடைத்த ஒரு செம்மண் சாயத்தின் பெயர் அது. அமெரிக்கப் பிள்ளைகளோ அதை அந்த நாட்டுப் பழங்குடி மக்களின் தோல் என்று எடுத்துக்கொண்டார்கள். 1999இல் அந்தப் பெயரும் மாற்றப்பட்டது.

மணிகளைப் பற்றிப் படித்ததில் இரண்டு செய்திகள் என்னைவிட்டுப் போகவில்லை. உலையில் காற்றைக் குறைத்தால் செம்பு கண்ணாடியைச் சிவப்பாக்குகிறது. காற்றைத் தாராளமாக விட்டால் அதே செம்பு நீலப்பச்சையாக்குகிறது. நான் இரண்டு தீப்பெட்டிகளில் பிரித்து வைத்தவற்றுக்குள் இருந்தது ஒரே உலோகம். இன்னொன்று, பட்டியலில் கறுப்பு என்று எழுதப்படும் பழைய மணிகளில் சில உண்மையில் கறுப்பே அல்ல. வலுவான வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருஊதாவாகவோ கரும்பச்சையாகவோ தெரியும். அடர்த்தியால் நம் கண்ணுக்கு எட்டாமல் போன நிறத்துக்குக் கறுப்பு என்று பெயர் வைத்துவிட்டோம்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். 'மாநிறம்' என்ற சொல் இருக்கிறதே, அதன் பயணத்தைப் பாருங்கள். 'மா' என்பதற்குக் கருமை என்று பொருள் உண்டு. சங்கப் பாட்டில் பெண்ணின் அழகு 'மாமை'. மாந்தளிரின் கருஞ்சிவப்பு என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். தலைவன் பிரிந்தபோது அந்த மாமையைத் தின்றுகொண்டு மேனியில் படர்வது பசலை, பொன் போன்ற வெளிர் நிறம். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் என்ற பெண் இந்த இழப்பைத்தான் பாடினார். அதாவது, கறுத்த மேனி நலம். வெளிறுவது துயரத்தின் அடையாளம். இன்று முகப்பூச்சு விளம்பரங்கள் விற்பது அந்தப் பசலையைத்தான் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருத்தியாவது, "ஆனா மேடம், மாப்பிள்ளை வீட்ல குறுந்தொகை படிச்சிருக்க மாட்டாங்களே" என்பாள்.

அவள் சொல்வது சரி. அன்று மாமை என்பது ஒரு முழு அழகின் பெயர். இன்றைய மாநிறம், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு சமாதானம். 'கறுப்பு' என்று எழுதக் கை வராத தாய்மார்கள் எழுதும் சொல். ஆங்கிலப் படிவத்தில் இதுவே 'வீட்டிஷ்'. நெல் விளையும் பாகூரிலும் வில்லியனூரிலும் பெண் மட்டும் கோதுமை நிறம்! 'சிவப்பு' என்பதும் மனிதர்களைச் சொல்லும்போது சிவப்பு அல்ல. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டு சொற்களுக்கும் முதலில் சொல்லும் பொருள் சினம். நிறத்தை அடுத்துத்தான் சொல்கிறார். சினத்தில் அக்காள் தங்கையாக இருந்த இரண்டு சொற்களைக் கல்யாணச் சந்தை மேலும் கீழுமாக உட்கார வைத்துவிட்டது.

பெயரை மாற்றினால் போதுமா? 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. அதே ஆண்டு ஷாதி.காம், தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. இரண்டாவது எனக்கு மேலாகப் படுகிறது. பெயர் மாறும்போது வரிசை அப்படியே நின்றுவிடலாம். சதை நூகட் ஆனதும் சிவப்பு ஒளி ஆனதும் அந்த வகை. கட்டம் நீக்கப்படும்போதுதான் வரிசை கலைகிறது.

ஆகவே வகைப்படுத்தும் எதைப் பார்த்தாலும் நான் இப்போது கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தப் பட்டியல் ஒன்றைக் கண்டுபிடிக்க உதவுகிறதா, விலை வைக்க உதவுகிறதா? சாம்பலையும் நீலச் சாம்பலையும் பிரித்தவர்களின் பட்டியலில் இரண்டும் உண்டு. அரிய நிறமென்றால் அதே அச்சில் வார்த்த கட்டைக்குப் பல மடங்கு விலை. கட்டைக்கு அதில் வருத்தமில்லை. மணிக்கும் இல்லை. அதே முறையை ஒரு பெண்ணுக்குப் பொருத்தும்போது, அவளை யாரும் அந்தக் கட்டத்தால் கண்டுபிடிப்பதில்லை. படிவத்தோடு புகைப்படமும் ஒட்டியிருக்கிறது, நேரில் பெண் பார்க்கவும் வரத்தான் போகிறார்கள். பிறகு அந்தக் கட்டம் எதற்கு? நகையின் பவுன் கணக்கைப் பேசும்போது திரும்பிப் பார்ப்பதற்கு.

இதை எழுதும் எனக்கு இந்த வரிசைக்கு வெளியே நிற்கும் தகுதி இல்லை. ஒரு ஆண்டுவிழாவில் நாடகம் போட்டோம். கண்ணகி வேடத்துக்கு ஆள் வேண்டும். கடைசி வரிசையைக் காட்டி, "அந்தச் செவப்பான பொண்ணைக் கூப்பிடுங்க" என்றேன். முன்வரிசையில் ஒரு மாணவி வசனம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். கறுப்பான பெண். அவளைத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பான பெண் மேடையில் மறந்த இடத்திலெல்லாம் அவள் குரல் மெதுவாக வந்தது. மாமையைப் பற்றி ஆய்வேடு எழுதிய கையால்தான் கடைசி வரிசையைக் காட்டினேன்.

அன்று கூடத்தில் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி, கட்டத்தை விட்டுவிடு என்றேன். அக்கா பேனாவை மூடினாள். "உனக்குக் கட்டுரை ஆச்சு. வெத்தா விட்டா கறுப்புன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க. என்னை எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போனாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். நான்கு முறை பஜ்ஜி சுட்ட அம்மாவையும் தெரியும். கட்டத்தை நிரப்பும் தாயைக் குற்றம் சொல்வது எளிது. அவள் அந்தக் கட்டத்துக்குள் வாழ்ந்து வந்தவள்.

அதுவரை பேசாமலிருந்த அக்கா மகள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்கு வேற படிவம் இருக்குல்ல, அதுல நிறம் கேக்கறாங்களா?" என்றாள். அக்கா பையிலிருந்து அதையும் எடுத்தாள். சம்பளம், சொந்த வீடு, உடன்பிறந்தோர் எல்லாம் இருந்தன. நிறம் இல்லை. "அவங்களுக்கும் ஒண்ணு போடச் சொல்லு, அப்புறம் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அக்காவின் கோபமும் தீரவில்லை.

பொம்மைத் தலையோடு காத்திருந்தவனிடம், "உன் கையப் பக்கத்துல வச்சுப் பாரு, உனக்கு எது கிட்ட வருதோ அது உன் ஸ்கின் கலர். எனக்கு வேற" என்றேன். அவன் பழுப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்க்கத் தொடங்கினான்.

இந்த ஆண்டும் நாடகம் போடுகிறோம். யாருக்கு வசனம் மனப்பாடம் என்று முதலில் கேட்டேன். ஐந்து கைகள் உயர்ந்தன. அந்தப் பெண்ணின் கை அவற்றில் இல்லை. அவள் படிப்பை முடித்துப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.