கோபிநத்தம் பிள்ளையிடம் ஊர் கேட்பவர்களுக்கு

ஆசிரியர்களே, விடுதிக் காப்பாளர்களே, பெற்றோர்களே, கோபிநத்தம் பிள்ளையை நடத்தும் விதத்தை மாற்றுவதை அடுத்த கல்வியாண்டு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒகேனக்கல் பக்கம், கர்நாடக எல்லைக்குள், காவிரிக் காட்டை ஒட்டி இருக்கிறது கோபிநத்தம். ஒரு காலத்தில் மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். வீட்டுப் பேச்சு தமிழ், அரசாங்கக் காகிதம் கன்னடம். வெளியூர்க்காரர்களுக்கோ ஒரே அடையாளம்தான்: 1952இல் சந்தனக் கடத்தல் வீரப்பன் பிறந்த ஊர். அவர் சுட்டுக்கொல்லப்பட்டது 2004 அக்டோபரில். இன்று எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகும் பிள்ளை அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்தது. அந்தப் பிள்ளை டவுன் பள்ளிக்கோ விடுதிக்கோ வந்த முதல் நாள் “யாவ ஊரு?” என்று கேட்டு, பதில் வந்ததும் வீரப்பன் மீசையை முறுக்கிக் காட்டிச் சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு நிமிஷத்துத் தமாஷ். அதையே வகுப்பு பட்டப்பெயராக எடுத்துக்கொண்டால் பிள்ளை பத்தாவது முடிக்கும்வரை சுமக்க வேண்டியதுதான். பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயரை அழிக்க ஒரு வாத்தியாரால் முடியும்; வாத்தியாரே வைத்ததை யார் அழிப்பது?

காட்டோரக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீரப்பன் வேட்டையின்போது அதிரடிப்படையிடம் சிக்கிச் சீரழிந்தவர்களில் 89 பேருக்கு நிவாரணம் தரச் சொல்லி தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தாத்தாவையோ பாட்டியையோ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். காக்கிச் சட்டையைக் கண்டாலோ, யாராவது குரலை உயர்த்தினாலோ அது ஒடுங்குகிறதென்றால் திமிர் என்று எழுதிவிடாதீர்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்கிறார். கடைசி பெஞ்சுப் பையனுக்கு விடை தெரியும், தமிழில் தெரியும். கன்னடத்தில் சொல்ல வாயெடுக்கிறான், உச்சரிப்பு தவறுகிறது, முன் பெஞ்சு சிரிக்கிறது. மறுநாள் கேட்டால் “தெரியாது சார்” என்பான். பிறகு திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி வரும். வீட்டில் ஓமத்தண்ணி கொடுப்பார்கள், பள்ளியில் சோம்பேறி என்பார்கள். வலி நிஜம்தான், அது புறப்படும் இடம்தான் வேறு. கன்னடத்தை அந்தப் பிள்ளை நன்றாகப் படித்தே ஆக வேண்டும், பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் தமிழில் சொல்லவிடுங்கள். அப்புறம் அதையே கன்னடத்தில் எப்படிச் சொல்வதென்று காட்டுங்கள். கூடச் செலவாவது அரை நிமிஷம்.

இது உங்கள் தயவைப் பொறுத்த விஷயமும் அல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பயமும் பதற்றமும் இல்லாமல் பிள்ளை தன் கருத்தைச் சொல்ல வழி செய் என்கிறது 29ஆம் பிரிவு. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கவும் சொல்கிறது. பிரம்பைக் கீழே போட்டதோடு சட்டத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறவர்கள், நாக்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் சொல்ல இருக்கிறது. 2022இல் என்.சி.இ.ஆர்.டி. நாடெங்கும் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 81 மாணவர்கள் தங்கள் பதற்றத்துக்குக் காரணமாகச் சொன்னது படிப்பு, பரீட்சை, ரிசல்ட். வேலைக்கு வெளியூர் போயிருக்கும் அப்பா ராத்திரி போன் பண்ணியதும் “மார்க் எவ்வளவு?” என்று ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டாயா, யார்கூடச் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று பதில் வந்தால் மறுநாளே பள்ளிக்குப் போன் போடுங்கள்.

கோபிநத்தத்தை எப்படி நடத்துவது என்பதற்கு முன்மாதிரி இங்கேயே உண்டு. வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் தேடி வந்தது வீரப்பனை. ஆனாலும் வீரப்பன் பிறந்த ஊரைக் குற்றவாளி ஊராகப் பார்க்கவில்லை. ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார், வீடு கட்ட உதவினார், மாரியம்மன் கோயிலும் எழுப்பினார். 1991 நவம்பர் 10ஆம் தேதி, சரணடைகிறேன் என்ற சொல்லை நம்பிப் போனவரை வீரப்பன் கொன்றார். ஊர் இன்றும் சீனிவாஸைக் கும்பிடுகிறது. உயிருக்கே ஆபத்தான நாளில் ஒரு அதிகாரியால் ஊரையும் ஆளையும் பிரித்துப் பார்க்க முடிந்ததென்றால், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வருகைப்பதிவு எடுக்கும் நமக்கு என்ன கஷ்டம்?

தலைமையாசிரியர்களே, நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள பள்ளியில் மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும், சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள நிபுணரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளிக்கு அந்த ஆலோசகர் யார் என்று கேட்டு வட்டாரக் கல்வி அதிகாரிக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழிலும் கன்னடத்திலும் பேசுவார்கள். அதை ஆபீஸ் ரூமில் ஒட்டாதீர்கள், அங்கே பிள்ளைகள் நிற்பதில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு மொழியிலும், பெரிய எழுத்தில் எழுதுங்கள். போன் இல்லாத பிள்ளை வந்து கேட்டால் உங்கள் போனைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.